பெயரைச் சொல்லும்போதே திக்குகிறது, நான் டாக்டராக முடியுமா?

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து பிளஸ் ஒன் மாணவர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 16. அடையாளம் தெரியாதபடி அதன் சுருக்கம்:

பத்தாம் வகுப்பு வரை சொந்த ஊர்ப் பள்ளி. கூடப் படித்தவர்கள் சிறு வயதிலிருந்தே பழகியவர்கள் என்பதால் திக்கிப் பேசுவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த ஆண்டு உயிரியல் பிரிவுக்காக டவுன் பள்ளிக்கு மாறியிருக்கிறார். முதல் நாள் அறிமுகத்தில், 'க'வில் தொடங்கும் அவருடைய பெயர் வாயைவிட்டு வரவில்லை. "பேரே மறந்துபோச்சா?" என்று ஆசிரியர் கேட்க, வகுப்பே சிரித்தது. அதன் பிறகு ஆங்கில வகுப்பில் வரிசையாகப் பத்தி வாசிக்கச் சொன்னால், தன் முறைக்கு முன்பே கழிப்பறைக்குப் போய்விடுகிறார். தனியார் பஸ்ஸில் தன் ஊர்ப் பெயர் வராததால் அடுத்த நிறுத்தத்தைச் சொல்லிக் கூடுதல் காசுக்கு டிக்கெட் வாங்குகிறார்.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். பாட்டி வசம்பைச் சுட்டு நாக்கில் தடவுகிறார். அப்பா, "மூச்சை இழுத்துவிட்டு மெதுவாப் பேசு" என்கிறார். பக்கத்து வீட்டுப் பையனைப் போலப் பேசிக் காட்டியதால் ஒட்டிக்கொண்டது என்று மாமா சொல்கிறார். நாக்கின் அடிச்சவ்வை வெட்டலாமா என்பது அம்மாவின் யோசனை. 30 நாளில் முழுக் குணம் என்று ஒரு மையம் 18,000 ரூபாய் கேட்கிறது. இவற்றுக்கு நடுவே அவருடைய கேள்விகள்: முழுதாகச் சரியாகுமா? பாடும்போதும் வீட்டு நாயோடு பேசும்போதும் திக்கவில்லையே, அப்படியென்றால் இது மனக்கோளாறா? சான்றிதழ் வாங்கினால் செய்முறைத் தேர்வின் வாய்மொழிக் கேள்விகளிலிருந்து விலக்கு கிடைக்குமா? டாக்டராகும் ஆசையை விட்டுவிடட்டுமா?

தம்பி, முதலில் மாமா சொன்னதை இறக்கி வையுங்கள். யாரையும் போலப் பேசிக் காட்டுவதால் திக்கல் வராது. பெரும்பாலும் இது 2 வயதுக்கும் 5 வயதுக்கும் இடையில், குழந்தை சொற்களைக் கோத்து வாக்கியமாகப் பேசத் தொடங்கும் காலத்தில், தானாகவே தொடங்குகிறது. பேச்சின் நேர ஒழுங்கைக் கவனிக்கும் மூளைப் பகுதிகளுக்கு இடையிலான இணைப்புகளில் உள்ள சிறு வேறுபாடுதான் இதன் அடிப்படை. குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்தால் வாய்ப்பு கூடும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் பாகிஸ்தானியக் குடும்பங்களை ஆராய்ந்து, திக்கலோடு தொடர்புள்ள மரபணு மாற்றங்களை 2010இல் வெளியிட்டார்கள். நீங்கள் செய்த எதனாலும் இது வரவில்லை. உங்கள் பெற்றோர் வளர்த்த விதத்தாலும் வரவில்லை.

பாடும்போது ஏன் திக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பாட்டில் தாளமும் மெட்டும் வெளியிலிருந்து கிடைத்துவிடுகின்றன. அடுத்த அசை எப்போது என்பதை மூளை தானே கணக்கிட வேண்டியதில்லை. குரலும் அறுபடாமல் ஓடுகிறது. காலை வழிபாட்டில் எல்லோரோடும் சேர்ந்து சொல்லும்போது திக்காததற்கும் இதுவே காரணம். நாய் உங்கள் பதிலுக்காகக் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை என்பதால் அங்கே அவசரமும் இல்லை. திக்கிப் பேசுபவர்கள் பெரும்பாலோருக்கும் இப்படித்தான். இதை வைத்து மனக்கோளாறு என்று முடிவுகட்டுவது தவறு. பயம் திக்கலைக் கூட்டும். ஆனால் அதை உண்டாக்கியது பயம் கிடையாது. ஒரு வாரம் நன்றாகப் பேசிவிட்டு அடுத்த வாரம் மோசமாவதும் இதன் இயல்புதான்; அதற்காக உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

முழுதாகச் சரியாகுமா?

நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்து பேர் ஏதோ ஒரு காலத்தில் திக்குகிறார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சிறு வயதிலேயே அது நின்றுவிடுகிறது. பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில் மிஞ்சுகிறது. 16 வயதிலும் தொடரும் திக்கல் முழுதாக மறைந்துபோகும் வாய்ப்பு குறைவு. இதைச் சொல்லாமல் விட்டால் 18,000 ரூபாய் கேட்பவர்களுக்கும் எனக்கும் வித்தியாசம் இருக்காது. ஆனால் திக்கலின் இறுக்கம், நீளம், அதைச் சுற்றியுள்ள பயம், அதனால் நீங்கள் இழப்பவை ஆகிய நான்கையும் வெகுவாகக் குறைக்க முடியும். உங்கள் கடிதத்தைப் படித்தால், உங்களை அதிகம் வாட்டுவது திக்கலைக் காட்டிலும் அதை மறைக்கப் படும் பாடு என்றே தெரிகிறது. கழிப்பறைக்குப் போவது, தன் முறை எப்போது என்று பத்தியை எண்ணுவது, வேறு ஊருக்கு டிக்கெட் எடுப்பது எல்லாமே மறைக்கும் வேலைகள். ஒவ்வொரு முறை தப்பிக்கும்போதும் உடனே ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதிதான் அடுத்த முறை பயத்தை இன்னும் பெரிதாக்குகிறது.

அந்த மையத்தைப் பற்றி. மிகவும் மெதுவாக, இழுத்து இழுத்துப் பேசப் பழக்கினால் பலருக்கும் இரண்டு மூன்று வாரத்தில் சரளம் வந்துவிடும். அந்த அறையைவிட்டு வெளியே வந்து பஸ்ஸிலும் கேன்டீனிலும் அப்படிப் பேச முடியாது. பேசினால் கேட்பவர்கள் விசித்திரமாகப் பார்ப்பார்கள். சில வாரத்தில் பழைய திக்கல் திரும்பும். "நீ வீட்டில் ஒழுங்காகப் பயிற்சி செய்யவில்லை" என்று பழி உங்கள் மேல் விழும். மாத்திரையோ லேகியமோ விற்றால் இன்னும் எச்சரிக்கை தேவை. எந்த நோய்களைக் குணப்படுத்துவதாக ஒரு மருந்து சொல்லிக்கொள்ளக் கூடாது என்று பட்டியலிடும் 'ஜே' அட்டவணை 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் இருக்கிறது. திக்குவாயும் அதில் ஒன்று.

நாக்குச் சவ்வை வெட்டுவது வேண்டவே வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். நாக்கு கட்டுப்பட்டிருந்தால் சில எழுத்துகளின் உச்சரிப்பு எப்போதுமே கெடலாம், திக்கல் வராது. உங்கள் நாக்கு பாட்டில் எல்லா எழுத்தையும் சரியாகச் சொல்கிறதே! 1841இல் பெர்லினில் டீஃபன்பாக் என்ற அறுவை மருத்துவர் திக்குபவர்களின் நாக்கையே வெட்டிப் பார்த்தார். வலியும் ரத்தப்போக்கும்தான் மிச்சம். அந்த முறை சீக்கிரமே கைவிடப்பட்டது. பாட்டியின் வசம்பும் பேச்சை மாற்றாது. அவர் மனம் நோகாமல் நிறுத்தச் சொல்லுங்கள். வாயில் கூழாங்கல் போட்டுப் பேசச் சொல்லி யாராவது வந்தால் மறுத்துவிடுங்கள், தொண்டையில் சிக்கும்.

அந்த 'க'வில் என்ன நடக்கிறது

'க' சொல்லும்போது நாக்கின் பின்பகுதி மேலண்ணத்தைத் தொட்டு, காற்றை ஒரு கணம் அடைத்து, உடனே விட வேண்டும். உங்களுக்கு அந்தத் தொடுகை விடுபடாமல் நிற்கிறது. இதைத்தான் அடைப்பு என்கிறோம். அப்போது இயல்பாகவே இன்னும் பலமாகத் தள்ளுகிறீர்கள். இழுக்க இழுக்க இறுகும் முடிச்சைப் போல, தள்ளத் தள்ள நாக்கும் குரல்வளையும் இன்னும் இறுகுகின்றன. கண்ணை மூடுவது, தொடையில் தட்டுவது, "வந்து... வந்து..." என்று முன்னால் சேர்ப்பது எல்லாம் அந்த இறுக்கத்திலிருந்து வெளியேற என்றோ ஒரு நாள் உதவி, பிறகு பழக்கமாகிப் போனவை.

அப்பாவின் அறிவுரை ஏன் உதவவில்லை என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. பெருமூச்சு இழுத்தால் நெஞ்சு நிறையக் காற்றை வைத்துக்கொண்டு குரல்வளையை மூடிவிடுகிறோம். அடைப்புக்கு அதைவிடத் தோதான நிலை வேறில்லை. பேசுவதற்குச் சாதாரண மூச்சே போதும். மூச்சு வெளியேறத் தொடங்கும்போதே சொல்லும் தொடங்க வேண்டும்.

நீங்களே தொடங்கக்கூடிய பயிற்சி

இவை அமெரிக்கச் சிகிச்சையாளர் சார்லஸ் வான் ரைப்பர் வகுத்த வழியை ஒட்டியவை. அவரே கடுமையாகத் திக்கியவர். ஒரு சிகிச்சையாளரின் துணையோடு செய்தால் நல்லது. கிடைக்கும் வரை காத்திருக்கவும் தேவையில்லை.

முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். ஒரு சின்ன நோட்டில் தினமும் மூன்று திக்கல்களை மட்டும் குறியுங்கள்: எந்தச் சொல், யாரிடம், உடம்பில் எங்கே இறுகியது, தப்பிக்க என்ன செய்தீர்கள். உதடா, நாக்கா, தொண்டையா என்று தெரியாமல் அந்த இறுக்கத்தைத் தளர்த்த முடியாது.

இரண்டாம் வாரத்திலிருந்து, வேண்டுமென்றே திக்குங்கள். கேட்க வினோதமாக இருக்கும். வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம், தினமும் பத்துச் சொற்கள், உங்களுக்குத் திக்காத சொற்களாகப் பார்த்து, "ம-ம-மதியம்" என்று தளர்வாக, இறுக்கமில்லாமல், அவர் கண்ணைப் பார்த்தபடி சொல்லுங்கள். திக்கினால் உலகம் இடிந்துவிடும் என்று உடம்பு நம்பிக்கொண்டிருக்கிறது. அது தவறு என்று உடம்புக்கே காட்டுவதுதான் நோக்கம். இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்களுக்கு அடுத்தவை கைகொடுப்பதில்லை. பதற்றம் வந்தவுடன் கற்ற உத்தி மறந்துபோகிறது.

பிறகு மூன்று உத்திகள், இதே வரிசையில். ஒன்றில் கை பழகிய பிறகே அடுத்தது.

1. சொல் முடிந்த பின் திருத்துவது. திக்கிய சொல்லை எப்படியாவது முடித்துவிடுங்கள். உடனே அடுத்த சொல்லுக்கு ஓடாமல் இரண்டு மூன்று விநாடி நில்லுங்கள். எங்கே இறுகியது என்று கவனித்து, அதே சொல்லை மெதுவாக, தளர்வாக இன்னொரு முறை சொல்லுங்கள். இரண்டாவது முறையும் கொஞ்சம் திக்கலாம், பரவாயில்லை. இறுக்கம் குறைந்ததா என்பதே கணக்கு.

2. திக்கலின் நடுவே தளர்த்துவது. அடைப்பு வந்ததும் விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்காதீர்கள். நாக்கை அந்த இடத்திலேயே வைத்து, அழுத்தத்தை மட்டும் மெல்லக் குறையுங்கள். காற்று கசியத் தொடங்கும். அதன்மேல் சொல் வழுக்கிக்கொண்டு வரும்.

3. முன்கூட்டியே மெல்லத் தொடங்குவது. திக்கப் போகிறது என்று தெரிந்த சொல்லின் முதல் ஒலியைப் பஞ்சுத் தொடுகையாகத் தொடங்குவது. 'ப', 'ம' என்றால் உதடுகள் பட்டும் படாமலும். 'அ', 'இ' போன்ற உயிரெழுத்தில் தொடங்கும் சொற்களுக்கு, முன்னால் கேட்டும் கேட்காத ஒரு சிறு மூச்சுக் காற்று. உங்கள் 'க'வுக்கு நாக்கு அண்ணத்தை உரசுவதுபோல.

முதல் உத்தி இயல்பாக வருவதற்கே சில வாரங்கள் ஆகும். மொத்தமும் மாதக்கணக்கில் நடக்கும் வேலை. பெரும்பாலோர் மூன்றாவதற்கு நேரே ஓடுவார்கள், ஏனென்றால் அதில்தான் திக்கலே தெரியாமல் போகும் என்ற ஆசை. அப்படி ஓடினால் அதுவும் இன்னொரு மறைக்கும் தந்திரமாகிவிடும்.

இதோடு சேர்த்து ஒரு பய ஏணி போடுங்கள். பேச வேண்டிய பத்துச் சூழல்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து பத்து வரை பயத்துக்கு மதிப்பெண் போடுங்கள். தங்கையிடம் பேசுவது 1 என்றால், மளிகைக் கடையில் கேட்டு வாங்குவது 3, கண்டக்டரிடம் ஊர்ப் பெயர் சொல்வது 5, போனில் பேசுவது 6, வகுப்பில் வாசிப்பது 8, புதியவர்களிடம் பெயர் சொல்வது 10 என்று இருக்கலாம். கீழிருந்து ஏறுங்கள்; ஒரே படியில் பல முறை நின்று, பயம் பாதியாகக் குறைந்த பிறகே அடுத்த படி. எல்லாப் படிக்கும் ஒரே விதி: சொல்ல நினைத்த சொல்லையே சொல்வது. கண்டக்டரிடம் ஐந்து விநாடி ஆனாலும் உங்கள் ஊருக்கே டிக்கெட் எடுங்கள். அவர் எரிச்சல்படலாம், பின்னால் நிற்பவர் திரும்பிப் பார்க்கலாம். உங்கள் ஊரில் இறங்கியதுதான் அன்றைய வெற்றி. சரளமாகச் சொன்னோமா என்பது கணக்கில் வராது.

பெயர் ஏன் மிகக் கடினம் என்றால், அதற்கு மாற்றுச் சொல் கிடையாது, தெரியாது என்று சொல்லவும் முடியாது. திக்குபவர்களில் மிகப் பலர் தங்கள் பெயரில்தான் அதிகம் மாட்டுகிறார்கள். தயவுசெய்து பெயரை மாற்றிச் சொல்லிப் பழகாதீர்கள்.

பள்ளியில் எப்படிச் சொல்வது

வகுப்பாசிரியரிடம் சொல்லிவிடுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. இடைவேளையில், தனியாக. வாயால் சொல்லக் கடினமென்றால் எழுதிக் கொடுங்கள்: "சார், எனக்குச் சின்ன வயதிலிருந்தே திக்கும். பதில் தெரியாமல் நிற்கவில்லை, சொல்ல நேரம் எடுக்கிறது. நான் முடிக்கும் வரை காத்திருந்தால் போதும். எனக்குப் பதிலாக வேறு யாரும் சொல்லி முடிக்க வேண்டாம்." அதன் கீழே குறிப்பான கோரிக்கைகள் இரண்டு மூன்று எழுதுங்கள். வாசிக்கும்போது ஆரம்பத்திலேயே உங்களைக் கூப்பிடலாம். காத்திருக்கும் நேரத்தில்தான் பயம் ஏறுகிறது. முதல் சில வாரம் பக்கத்து மாணவரோடு சேர்ந்து ஒரே குரலில் வாசிக்கலாம். அப்போது உங்களுக்குத் திக்காது. வருகைப் பதிவின்போது கையை உயர்த்தினால் போதும் என்று கேட்கலாம். செய்முறைத் தேர்வில் கேள்வி கேட்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, மற்ற மாணவர்கள் இல்லாமல் தனியாகக் கேட்கச் சொல்லலாம்.

வாசிப்பதிலிருந்தே முழு விலக்கு மட்டும் கேட்காதீர்கள். ஒரு வருடம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால், கல்லூரியின் முதல் நாள் இன்னும் கடினமாகிவிடும்.

நண்பர்களில் ஒருவர் இருவரிடமும் இதே போலச் சொல்லுங்கள். மறைக்கிறவரைத்தான் சீண்டுவார்கள். "ஆமா, எனக்குத் திக்கும், அதுக்கென்ன?" என்று சொல்லிவிட்டவரிடம் கேலி நீண்ட நாள் நிற்பதில்லை. மாணவர்கள் திரும்பத் திரும்பப் போலி செய்து காட்டினாலோ, ஆசிரியரே வகுப்பில் இழிவுபடுத்தினாலோ அது வேறு. தேதி, இடம், சொன்ன வார்த்தை ஆகியவற்றைக் குறித்துவைத்து, பெற்றோரோடு தலைமையாசிரியரைப் பாருங்கள். அங்கே தீராவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டும் இருக்கின்றன. முதல் நாள் நடந்தது அறியாமையால் நடந்ததாகவும் இருக்கலாம்; அந்த ஆசிரியருக்கு விஷயத்தைச் சொல்லி ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம்.

சான்றிதழ், டாக்டர் படிப்பு

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் பேச்சு மற்றும் மொழிக் குறைபாடும் ஒன்று. ஆனால் சட்டம் அதை, குரல்வளை அகற்றம், மூளைப் பாதிப்பால் மொழி இழப்பு போன்றவற்றால் வரும் நிரந்தரக் குறைபாடு என்று விளக்குகிறது. திக்கலை அது பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. இட ஒதுக்கீட்டுக்குத் தேவைப்படும் 40 சதவீதச் சான்று எளிதில் கிடைக்கும் என்று எண்ணித் திட்டம் போட வேண்டாம். அதே நேரத்தில் பள்ளியில் மேலே சொன்ன சிறு ஏற்பாடுகளைக் கேட்கச் சான்றிதழ் தேவையில்லை. பேச்சுப் பயிற்சியாளரிடம் ஒரு மதிப்பீட்டுக் கடிதம் வாங்கி இணைத்தால் கோரிக்கைக்கு எடை கூடும்.

எம்பிபிஎஸ் ஆசையை விட வேண்டியதே இல்லை. நீட் எழுத்துத் தேர்வு. சேர்க்கையில் நேர்காணலும் கிடையாது. 40 சதவீதத்துக்கு மேல் பேச்சுக் குறைபாடு இருந்த மாணவர் ஒருவரின் வழக்கில், சதவீதத்தை மட்டும் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது, படிப்பைத் தொடர முடியுமா என்றே பார்க்க வேண்டும் என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. திக்கிப் பேசும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். நோயாளிக்குத் தேவை சரியான மருத்துவமும், சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கும் பொறுமையும். 1957இல் கேரளத்தின் முதல் முதலமைச்சரான இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் வாழ்நாள் முழுவதும் திக்கியபடியே மேடைகளில் பேசினார். "எப்போதும் திக்குமா?" என்று கேட்டவரிடம், "இல்லை, பேசும்போது மட்டும்தான்" என்று அவர் சொன்னதாக இன்றும் சொல்வார்கள்.

யாரிடம் போவது

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் 18 வயது வரையுள்ளவர்களுக்கான மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையம் இருக்கும். காது மூக்கு தொண்டைப் பிரிவிலும் விசாரியுங்கள். கட்டணமில்லாமலே பேச்சுப் பயிற்சியாளரைப் பார்க்க வழியுண்டு. விரிவான மதிப்பீடு வேண்டுமென்றால் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனமும், மைசூரில் உள்ள அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனமும் இருக்கின்றன. தனியாரிடம் போனால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். முதல் நாளே கேளுங்கள்: "அறைக்கு வெளியே, கடையிலும் போனிலும் பேசப் பழக்குவீர்களா? பயத்துக்கு என்ன செய்வீர்கள்?" குணமாக்கிவிடுவேன் என்று உத்தரவாதம் தந்தால் எழுந்து வந்துவிடுங்கள். திக்கிப் பேசுபவர்களே 2008 முதல் நடத்திவரும் 'தி இந்தியன் ஸ்டாமரிங் அசோசியேஷன்' அமைப்பின் குழுக் கூட்டங்களில், வீட்டில் சொல்லிவிட்டுக் கலந்துகொள்ளலாம். தன்னைப் போலவே திக்கும் இன்னொருவரை முதன்முறை சந்திப்பது பலருக்குப் பெரிய ஆறுதல்.

பள்ளிக்குப் போகவே பிடிக்காமல், தூக்கமும் சாப்பாடும் குறைந்து, வாழ்வே வெறுத்ததுபோல இருந்தால் காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண் இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். திக்கித் திக்கிப் பேசினாலும் கேட்பார்கள்.

கடைசியாக, இந்தப் பத்தியை அம்மா, அப்பா, பாட்டி, மாமா எல்லோரிடமும் படிக்கக் கொடுங்கள். பிள்ளை திக்கும்போது சொல்லை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள். "மெதுவா", "மூச்சை இழு", "பதறாதே" என்ற மூன்றையும் விட்டுவிடுங்கள். கண்ணை விலக்காமல், முகம் மாறாமல், முடிக்கும் வரை காத்திருங்கள். அவன் மெதுவாகப் பேச வேண்டும் என்றால் நீங்கள் மெதுவாகப் பேசுங்கள்; அவன் முடித்ததும் ஒரு விநாடி விட்டுப் பதில் சொல்லுங்கள். எப்படிச் சொன்னான் என்பதைப் பற்றி எதுவும் வேண்டாம். என்ன சொன்னான் என்பதற்குப் பதில் சொல்லுங்கள். உறவினர் வந்தால், அவனுக்காக நீங்கள் அவன் பெயரைச் சொல்லாதீர்கள், அவனே சொல்லட்டும்.